பாதித் தொட்டி

தேவகோட்டையில் கடல் இல்லை.
பார்க்க வேண்டுமென்றால் தொண்டிக்குப் பஸ் ஏற வேண்டும்.
ஆனாலும் மாடி அறையில், கட்டம் போட்ட தாளில்,
என் கப்பல் மிதக்கிறது:
நீளம் நூற்று நாற்பது மீட்டர், அகலம் இருபது.
வியாழக்கிழமை சென்னையில் வாய்மொழித் தேர்வு.
போன முறை ஸ்டெபிலிடியில்தான் தோற்றேன்.

கலம் என்று தலைப்பிட்டுத் தொடங்குகிறேன்.
கடலில் இருந்தால் கப்பல், அடுப்பில் இருந்தால் பானை,
நெல்லுக்கு முன்னால் நின்றால் பன்னிரண்டு மரக்கால்.
கிராஸ் டன்னேஜ் எடை அல்ல,
உள்ளே எவ்வளவு கொள்ளும் என்கிற கணக்கு.
மூன்று வருஷம் இதை மறந்துகொண்டே இருந்தேன்.
கலம் நெல் என்றதும் ஒட்டிக்கொண்டது.

கே என்பது கீல். எல்லா உயரமும் அங்கிருந்துதான்.
பி, தண்ணீர் கையேந்தித் தாங்குகிற இடம்.
ஜி, பாரமெல்லாம் ஒன்றாய் அழுந்துகிற இடம்.
எம்மைத் தொட்டுக் காட்ட முடியாது;
கொஞ்சம் சாய்ந்தால்தான் அது எங்கே என்று தெரியும்.
ஜிக்கு மேலே எம் இருக்கும்வரை
சாய்ந்த கப்பல் நிமிரும்.
நடுவில் உள்ள தூரம்
சில பயணங்களில் முழங்கை நீளம்கூட இருக்காது.
அதை நம்பி இருபத்திரண்டு பேர் தூங்குகிறோம்.

கீழே சாத்தப்பன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான்.
திருப்பூர் பைனான்ஸை மூடிவிட்டு மாசியில் வந்தவன்.
அண்ணமிண்டி போனில் யாரிடமோ சொல்கிறாள்:
"இப்பல்லாம் கோவமே வர்றதில்ல. நல்ல நிதானம்."

ஊருணி வற்றிவிட்டதால் தெருவுக்கு டேங்கர் வருகிறது.
முதல் தெருவில் பாதியை இறக்கிவிட்டு
முக்கில் திரும்பும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது.
வண்டி நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை.
டேங்கர் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து,
யோசித்து, மெல்ல நிமிர்ந்தது.
அமலதாஸ் இறங்கி வேர்வையைத் துடைத்தார்.
"ரொம்பி இருந்தாலும் பயமில்ல, காலியா இருந்தாலும் பயமில்ல.
பாதிதான் ஆளைக் கவுக்கும்."
இரண்டு பக்கத்துக்குச் சமன்பாடு எழுதி வைத்திருக்கிறேன் இதற்கு:
ஒரு கிலோ ஏற்றாமலே
ஜி மேலே போய்விட்டதாகக் கணக்கு.

இன்னொன்றும் கேட்பார்கள்.
ஜிஎம் பெரிதென்றால் கப்பல் வெடுக்கென்று திரும்பும்.
தட்டு உடையும், சமையல்காரர் வைவார்,
ஆனால் திரும்பும்.
ஜிஎம் சிறுத்துப் போனால் ஆட்டம் தூளி போல இருக்கும்.
சுகம் என்பார்கள் தெரியாதவர்கள்.
தெரிந்தவன் கடிகாரத்தை எடுப்பான்.
பன்னிரண்டு விநாடியில் ஆடிய கப்பல்
இருபத்திரண்டு எடுத்துக்கொண்டால்
உள்ளே எந்தத் தொட்டி பாதி என்று தேட ஓடுவான்.

மாடிப்படியில் நின்று கேட்டேன்:
"அண்ணே, காபி போடவா?"
ஒன்பது விநாடி கழித்து, "ம்."
நான் கேட்டு முடிக்கும் முன்பே கத்துகிறவன் அவன்.
மறுநாள் பதினான்கு.

பென்சிலை வைத்துவிட்டுக் கீழே போனேன்.
நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தேன்.
"எவ்வளவு?"
"ஏதோ கொஞ்சம்."
"பாதி சொல்லாதே."

நாற்பத்தொரு லட்சம்.
மூன்று பேர். ஒருவர் மட்டும் வீடு தேடி வருவார்.
லாக்கரில் இருப்பதாக அண்ணமிண்டி நினைத்திருக்கும் வைரத்தோடு
லாக்கரில் இல்லை.
சொல்லச் சொல்ல அவன் குரல்
தொண்டையிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது.

"வட்டி எத்தனை?" என்றேன்.
"ஒனக்கு எதுக்குடி அதெல்லாம்!"
டம்ளர் பறந்து முற்றத்துக் கல்லில் விழுந்து
உருண்டு அடங்க மூன்று விநாடி.
அவன் கத்த ஒன்றுகூட ஆகவில்லை.

டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.
கை நடுங்கியது. சந்தோஷம்தான்.

வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள்.
அண்ணமிண்டியிடம் யார் சொல்வது என்பது பாக்கி,
அப்புறம் டிரிம் கணக்கு,
அதை இன்னும் தொடவே இல்லை.