முப்பது பாகை

ரயில் நிலைய வாசலில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தான் தஜெத்தின்.
இரண்டு மணிக்கட்டும் ஒரே விழுகையில்.
எர்சுரும் ஆஸ்பத்திரியில்
முழங்கைவரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.
விரல்கள் மட்டும் வெளியே,
பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் குஞ்சுகள் மாதிரி.

ஒன்பதாம் நாள் தாடி அரிப்பு தாங்கவில்லை.
சலூனுக்குப் போகமாட்டானாம்.
'எவனோ பிடிக்கிற கத்திக்குக் கழுத்தைக் கொடுக்கவா?'
நான் அவனோடு பேசிப் பதினெட்டு நாள்.
என் கைக்குக் கொடுக்க அவனுக்குத் தயக்கமில்லை,
அது எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது.

முதலில் பலூன்.
மாடிவீட்டுப் பிறந்தநாளில் மிஞ்சிய நீலப் பலூன்,
உடம்பெல்லாம் சோப்பு நுரை.
கத்தியைப் படுக்கவைத்தால் வழுக்குகிறது,
நிமிர்த்தினால் வெடிக்கிறது.
நடுவே எங்கோ ஒரு சாய்வு. முப்பது பாகை என்கிறான்.
தபால் நிலையத்தில் பார்சல் நிறுப்பவள் நான்;
பாகை தெரியாது,
தராசு முள் ஆட்டம் நின்று நிற்கிற அந்த நொடி தெரியும்.
மூன்று பலூன் செத்தன.
சுவரில் நுரை, அடுப்பில் நுரை, அவன் புருவத்தில் நுரை.
நான்காவது பிழைத்தது.

ஆனால் பலூனுக்குக் குரல்வளை இல்லை.
எச்சில் விழுங்காது.

கதவுக் கொக்கியில் தோல்வாரை மாட்டித் தீட்டினேன்.
முதுகு முன்னால் போகவேண்டும், விளிம்பு பின்னால் வரவேண்டும்,
திரும்பும்போது முதுகின் மேலேயே புரட்டவேண்டும்.
ஒருதரம் மறந்தேன்.
வாரில் ஒரு வாய் திறந்தது.
பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மனிதன் ஒன்றும் சொல்லாததுதானே எங்கள் வழக்கே.

சூடான துணி. மறுபடி நுரை.
இடது கையால் கன்னத்தைக் காதுப்பக்கம் இழுத்து
வலது கையால் கீழே ஒரு சிறு கோடு.
மரத்தைச் சுரண்டுகிற எறும்பின் சத்தம்
என்று ஒன்று இருந்தால், அது.
கோடு போன இடத்தில் பழைய முகம்,
எனக்குத் தெரிந்த மச்சத்தோடு.

தாடை தாண்டி, முகவாயைத் தூக்கி,
தொண்டைக்கு வந்ததும் கேட்டேன்.
பதினெட்டு நாள் கழித்து என் முதல் வாக்கியம்:
'தம்பி லாரிக்கு நீ போட்ட ஜாமீன் கையெழுத்து.
வங்கிக் கடிதம் என் கவுண்டர் வழியாகத்தான் வந்தது.
உன் பெயரை நானே முத்திரை குத்தி அடுக்கினேன்.
எத்தனை தவணை?'

அவன் வாயைத் திறக்க முடியாது.
கத்தி குரல்வளை மேட்டின் சரிவில் நின்றது.
மேடு ஏறவில்லை, இறங்கவில்லை.
வெளியே கார்ஸ் போகும் ரயில் ஊதியது.

மாவுக்கட்டுகள் இரண்டும் மெல்ல எழுந்தன.
பத்து விரல் விரிந்தன. மூடின.
பத்து.
மறுபடி பத்து.
பிறகு நான்கு.
பிறகு கட்டைவிரல் ஒன்று எழுந்து, யோசித்து,
பாதியில் மடங்கி நின்றது.

கோபத்தில் என் கை ஆடவில்லை, சத்தியமாக.
அந்தப் பாதி விரலுக்குத்தான் சிரிப்பு வந்தது.
காதுக்குக் கீழே ஒரு சிவப்புக் கடுகு
நுரையில் பூத்து, கீறலாக நீண்டது.

'வட்டி,' என்றான், கத்தியை நான் எடுத்த பிறகு.
'பாதித் தவணை அளவுக்கு வட்டி.'

படிகாரக் கல்லை அழுத்தினேன்.
அவன் பல்லைக் கடித்தான்.
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அழுத்தினேன்,
அதையும் எழுதிவிடுகிறேன்.

மேலுதடு பாக்கி.
மூக்கைப் பிடித்துத் தூக்கவேண்டுமாம்.
தண்ணீர் ஆறிவிட்டது,
மறுபடி கெட்டிலை வைத்தேன்.
அரைமுகம் நுரையோடு
என் பின்னால் அவன்
லாரியின் நிறத்திலிருந்து ஆரம்பித்து
எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினான்.