இரண்டே கால் முதல் இரண்டரை வரை

முதல் வாரமே சொல்லிவிட்டார் திருவாட்டி கோ:
விழா என்பது கொண்டாட்டம் அல்ல,
விழா என்பது கழிப்பறை.
நூறு பேருக்கு ஒன்று. பீர் விற்றால் இன்னும் ஒன்று.
சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
அடுத்த ஸ்லைடு: மழை.

மழைக்கு ஒரு திட்டம், மின்னலுக்கு ஒரு திட்டம்,
சிறப்பு விருந்தினர் தாமதித்தால் ஒரு திட்டம்.
வராமலே போனால்
முன்வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை
யார் கண்ணிலும் படாமல் எடுப்பது எப்படி என்று
அரை மணி நேரம்.

மூன்றாம் ஆண்டுக்குள்
எதையும் சும்மா பார்க்க வராமல் போயிற்று எனக்கு.
தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில்
எல்லோரும் காவடியைப் பார்க்க
நான் தடுப்புக் கம்பிகளின் இடைவெளியைப் பார்த்தேன்.
அம்மா அரோகரா என்றாள்.
சதுர மீட்டருக்கு நாலு பேருக்கு மேல் ஆபத்து என்றேன்.
பையில் எப்போதும் கேபிள் டை நாற்பது,
கறுப்பு டேப் ஒரு சுருள், பனடோல் ஒரு அட்டை.

ஆபத்து மதிப்பீட்டுக்கு எண்பத்தொன்று கிடைத்தது.
ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி:
வந்தவர்கள் என்ன உணர்ந்தார்கள்? அது எங்கே?
என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஈசூனில் எங்கள் புளோக்.
வியாழன் இரவு ஒன்பதாம் மாடி சௌந்தரபாண்டியன் போய்விட்டார்.
பேருந்து ஓட்டுநர், ஐம்பத்து மூன்று வயது.
கடைசிச் சுற்று முடித்து லிஃப்டில் ஏறியவர்
வீட்டு வாசல்வரை வரவில்லை.
கீழ்த்தளத்திலோ ஏற்கெனவே
பொன்னும் பச்சையுமாய்ப் பந்தல்:
நூரைனியின் கல்யாணம்,
நகர மன்றத்தில் நான்கு மாதம் முன்பே பதிந்தது.
சனிக்கிழமை இரண்டு மணிக்கு மாப்பிள்ளை, கொம்பாங் முழங்க.
சனிக்கிழமை இரண்டு மணிக்கு இவர், மண்டாய்க்கு.
வண்டி நிற்க ஒரே ஒரு முகப்பு.

யாரும் என்னைக் கேட்கவில்லை.
நானே போனேன், ரப்பர் செருப்போடு.
மணப்பெண்ணின் தாய்மாமன் ஜுனைதி
அண்டா அருகே வியர்த்து நின்றார்.
மண்டாய் நேரத்தை மாற்ற முடியாது என்றேன்.
உட்லண்ட்ஸில் கிளம்பிவிட்டார்களே என்றார்.
கரண்டியைக் கீழே வைத்தார்.
"இரண்டே கால் முதல் இரண்டரை வரை உனக்கு.
மாப்பிள்ளையைச் செவன் இலெவன் முன்னால் நிறுத்துகிறேன்.
ஐஸ்கிரீம் வாங்கித் தந்தால் நிற்பான். போ."

போக விடாமல் அவரே கேட்டார்:
அங்கே நாற்காலி இருக்கிறதா?

இல்லை. கடிதப் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம்
எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.
கல்யாண வீட்டுப் பையன்கள் நாற்பது தூக்கி வந்தார்கள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் இருந்த தங்கநிற முடிச்சை
வழியிலேயே அவிழ்த்துக்கொண்டு.

இரண்டே கால். கரோக்கே நின்றது.
சங்கு.
பந்தலுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள்.
அதை நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.
சோற்றுக் கையை எங்கும் படாமல் தூக்கியபடி,
நெய் மினுங்கும் விரல்களோடு
அத்தனை பேரும்.

இரண்டு முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
வாகனக் கதவை அவர் மனைவி விடவில்லை.
சாலையைத் திரும்பிப் பார்த்தேன்.
ஜரிகை உடுப்பும் இடுப்பில் குறுவாளுமாய் மாப்பிள்ளை,
பிரிக்காத ஐஸ்கிரீம் கையில் உருக,
தலை குனிந்து நின்றான்.
முப்பத்து நான்கில் அவராகவே கையை எடுத்தார்.
முப்பத்தாறில் கொம்பாங்.

ஞாயிறு காலை வாடகை லாரி வந்தது.
எண்ணினேன்: நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மறுபடி எண்ணவில்லை.
மிச்சம் ஒன்று எங்கே என்று தெரியும்,
ஒன்பதாம் மாடி, லிஃப்ட் திறக்கும் இடம்.
அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும்.

படிவத்தில் இருநூறு என்று எழுதினேன்.
ஜுனைதி ஒருமுறை படித்தார்,
லாரியை ஒருமுறை பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.