அரசனுக்கு நா தடுக்கிய இரவு

ரெம்பாங்கில், உப்பளத்தை ஒட்டிய கல்யாண வீடு.
விடிய விடிய எங்கள் கெத்தோப்ராக்.
ஓரத்தில் மரப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பவன் நான்.
ஒரு தட்டு, திரை விலகும்.
இரண்டு தட்டு, வாத்தியங்கள் வாய்மூடும்.
மற்றது மற்றவர்கள் பாடு.

எங்கள் மொழியில் சோறு தின்னவே
மூன்று வினைச்சொல்.
தோழனிடம் ஒன்று,
அந்நியரிடம் தன்னைச் சொல்ல ஒன்று,
பெரிய இடத்து வாய்க்குள் போவதென்றால்
அதற்கென்று தனியாக ஒன்று.
பானை என்னவோ ஒரே பானை.

ஆகவே கிரீடத்தை
யார் தலையில் வேண்டுமானாலும் கவிழ்க்கலாம்.
வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

வாத்தியமும் ஆள் பார்க்கும்.
அரசன் வந்தால்
ஒரு கோங்குக்கும் அடுத்த கோங்குக்கும் நடுவே
கிராம்புச் சுருட்டு ஒன்றைப்
பற்றவைத்துப் பாதி குடித்துவிடலாம்.
அரக்கன் வந்தால் மத்தளம் முந்திக்கொண்டு ஓடும்,
சந்தைக்குள் புகுந்த மாடு மாதிரி.
வேலைக்காரி வந்தால்
ஒன்றும் கிடையாது.
அவள் முழங்கால் பலகையில் தேயும் சத்தம்
போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

கஸ்மிரான் பதினெட்டு வருட அரசன்.
பகலில் மீன் ஏலக் கொட்டகையில்
பனிக்கட்டி உடைக்கிறான்.
பொனிரா எப்போதும் வேலைக்காரி.
லாரி அவளுடையது, ஜெனரேட்டர் அவளுடையது,
கிரீடமும் அதில் ஒட்டிய கண்ணாடிக் கற்களும்.
கஸ்மிரானின் மோட்டார் சைக்கிள் பத்திரம்
அவள் பீரோவில்.

அன்று மாலை ஆறரைக்கு,
படுதாவுக்குப் பின்னால்,
பாதி மீசை ஒட்டிய அரசன் குத்துக்காலிட்டு
மொழியின் உச்சாணிக் கொம்பிலிருந்து
ஒவ்வொரு சொல்லாகப் பறித்து வைத்தான்:
அம்மையார் திருவுளம் கொண்டால்,
இன்னும் ஒரு மாதம்...
அவள் புருவம் தீட்டிக்கொண்டே,
திரும்பாமல்,
"பாக்கலாம், போ" என்றாள்.

பத்து மணிக் காட்சி.
வேட்டையிலிருந்து வருகிறான், தாகம்.
மண்கூஜாவோடு அவள் தவழ்ந்து வருகிறாள்.
அவனுக்கு மூன்றே சொல்:
கொண்டா. வை. போ.
கோங்கு விழுந்தது.
அவன் வாயைத் திறந்தான்.
"தாங்கள் தண்ணீர் தந்தருள வேண்டும்,
அம்மையீர்."

சோற்றில் கல் கடிபட்டதுபோல்
எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் நின்றார்கள்.
மடியில் தூங்கிய பிள்ளைகூடக் கண் விழித்தது.
கோமாளி, இழவெடுத்தவன்,
கல்யாண வீட்டுப் பின்கட்டில் பிரியாணி தின்றுகொண்டிருந்தான்.
மத்தளத்துக்காரன் சாதிக்கானின் கை
காற்றில் அப்படியே.
எனக்கோ ஒரு தட்டா, இரண்டா என்றே மறந்துபோனது.

பொனிரா தலை தூக்கவில்லை.
கைகளை நெற்றிக்கு ஏற்றி
அவன் சொன்னதற்கும் மேலே ஒரு கிளை தேடி,
இருக்கிறதா என்றே நான் அறியாத கிளை,
அங்கிருந்து நடுங்கும் குரலில் சொன்னாள்:
"அடியாளை வைத்து விளையாடுகிறீர்களே, பிரபு."

சிரிப்பு. அப்பாடா என்று ஒரு சிரிப்பு,
பந்தல் தகரம் அதிர.
அரசன் குடித்தான்.
கழுத்தெல்லாம் நனைய.

அவள் வெளியேறத் திரும்பியபோதுதான்
சாதிக்கானின் கை இறங்கியது.
அரசனின் தாளத்தில்.
மெதுவாக, சுருட்டுப் பற்றவைக்கும் இடைவெளியோடு.
அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.
தவழவில்லை. எழுந்தாள்.
காலிக் கூஜாவை இடுப்பில் வைத்து
ஒவ்வொரு கோங்குக்கும் ஓரடி வைத்து
நடந்து போனாள்.
யாரும் சிரிக்கவில்லை.

ஏன்டா அப்படி, என்று பிறகு கேட்டேன்.
"கை வழுக்கிடிச்சு" என்றான்.

விடியற்காலையில் சம்பளம்.
"இந்தா" என்றாள் கஸ்மிரானிடம்.
உறையை இரண்டு கையாலும் வாங்கினான்.
ஒரு மாதம் கிடைத்ததா, தெரியாது.

நான் அவளிடம் எந்த மொழியில் பேசுவேன் என்றா கேட்கிறீர்கள்?
இந்தோனேசியத்தில்.
பள்ளிக்கூடம் கொடுத்தது.
அதில் எல்லாருக்கும் ஒரே சோறு.
என்ன, அதில் கேட்டால்
யாரும் கடன் தருவதில்லை.