வலது கை

ஹல் நகரத்தில் மழை. தபாலில் வந்த
நான்கு டிஸ்க் பெட்டியின் உறையைப்
பல்லால் கிழித்தேன்.

திரை விலகுகிறது. பார்னபிக் கழுதை
தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறது.
தூக்கியது நான்.

தலை, குரல், இடது கை எல்லாம் க்விலிம்.
வலது கை மட்டும் டோரீன்.
மேடைக்கடியில் ஐந்து வருடம்
அவன் அக்குளோடு ஒட்டிய முகம்,
பெப்பர்மிண்ட், வியர்வை, ஈரக் கம்பளி.
கடைசியில் ஓடும் பெயர்களில்
நான் 'மற்றும் பலர்'.

கழுதை அக்கார்டியன் வாசிக்கிறது:
பொத்தான்கள் அவன், கட்டைகள் நான்.
விருந்தாளிப் பாடகியின் கன்னத்தைக் கிள்ளுகிறது:
நான்தான், கொஞ்சம் பலமாகவே.

மூன்றாவது டிஸ்க்கில், ஒத்திகையில் இல்லாதபடி,
கழுதை தன் இடது கையைத்
தன் வலது கையால் பிடித்துக்கொள்கிறது.
தேவைக்கு மேல் இரண்டு விநாடி.
அரங்கம் சிரிக்கிறது.

நிறுத்தினேன்.
அந்தக் காலத்து டிவி மறைத்ததை
இந்தத் துல்லியம் காட்டிக்கொடுக்கிறது:
திரையின் கீழ் விளிம்பில்
நரைக்காத ஒரு கற்றை மயிர்.
என்னுடையது.

யார் முதலில் விட்டோம் என்று பார்க்கப்
பொத்தானை மறுபடி அழுத்தினேன்.
அதற்குள் கேமரா
நடனமாடும் டீக்கெண்டிகளிடம் போய்விட்டது.