இருபத்துநான்கில் ஒன்று

லோரி வராத இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் நடுவில்
செம்பனை ஆலையின் எடைப்பாலச் சாவடியில்
நான் கான்கிரீட் செய்கிறேன்.
சிமெண்டு இல்லை, மணல் இல்லை.
பாகாவ் டவுனில், லோக் கடையில் வாங்கிய பால்சா மரம்,
பதினொரு வெள்ளி எண்பது சென்.

ஆலைக்குப் பின்னால் நிற்கிறதே தண்ணீர்த் தொட்டி,
நான்கு காலும் ஒரு பெரிய வயிறும்,
அதுதான். இருபத்துநான்கில் ஒன்று.

மரத்தின் முதல் பிடிவாதம் நார்.
இங்கே ஒரு மில்லிமீட்டர் வரி என்றால்
அங்கே என் கட்டைவிரல் நுழையும் பிளவு.
முகப்பவுடரை வெள்ளைப் பசையில் குழைத்துப்
பூசு, காயவிடு, தேய்.
பூசு, காயவிடு, தேய்.
ஐந்தாம் தடவை விரல் வழுக்கியது.

பிறகு நிறம். இரண்டு வாரம் தோற்றேன்.
வெறும் சாம்பல் அடித்தால் போர்க்கப்பல்.
வெள்ளை கலந்தால் பல் டாக்டர் நாற்காலி.
கான்கிரீட் சாம்பல் நிறமே இல்லை.
அது துவைத்துத் துவைத்துப் போன பனியன்,
மிச்சம் வைத்த தே தாரிக்,
மழை இறங்கும் பக்கம் மட்டும் கொஞ்சம் பாசி.

போன செவ்வாய் விடியுமுன்
டார்ச்சோடு நிஜத் தொட்டியின் காலடிக்குப் போனேன்,
நிறம் பார்க்க.
வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது
கான்கிரீட்டில் நார்.
பலகை பலகையாய். ஒரு கணு.
கணுவைச் சுற்றி வளைந்து போகும் வரிகள்.
ஓர் ஆணித் தலையின் வட்டம்கூட.

வார்க்கும்போது அடைத்த பலகை.
எந்தக் காட்டு மரமோ,
ஈரச் சிமெண்டைப் பத்து நாள் தாங்கி நின்று,
கழற்றி எறியப்பட்டு,
யார் வீட்டு அடுப்பிலோ சோறாக்கியிருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
மூன்று வாரமாய் மரத்திலிருந்து
மரத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஊசி.
ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு பலகை இடுக்கு.
அதற்குள் நார், பூனை மயிர் போல, ஒவ்வொன்றாய்.
மரத்தின்மேல் பொய் மரம் வரைகிறேன்
அது மெய்க் கான்கிரீட் ஆவதற்காக என்று
ஷிப்டு மாறும்போது பரஞ்சோதியிடம் சொன்னேன்.
"வேலை நேரத்திலயா?" என்றார்.

பல் பிரஷால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழிகள்.
துருவுக்கு மட்டும் நிஜத் துரு,
எடைப்பாலத்தின் ஓரத்தில் சுரண்டியது.

நேற்றிரவு சாவடிக்குள் பெயிண்ட் நெடி தாங்காமல்
தொட்டியை வெளியே கொண்டுபோய்
பாலத்தின் நடுவில் வைத்தேன்.
திரையில் பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும்
அது கண்டுகொள்வதில்லை.

மூன்று நாற்பதுக்குக் குலை ஏற்றி வந்தார் ரம்லி.
முன்விளக்கை அணைக்காமல் இறங்கினார்.
"அலாமாக், யார் இதை இங்கே நட்டது?"
நான் கத்துவதற்குள்
காலை அகட்டி, முட்டியை மடக்கி,
இடுப்பு பிடித்துக்கொள்ளாத விதமாய் மூச்சை அடக்கி,
இரண்டு கையாலும் பற்றித்
தூக்கினார்.

கைகள் தலைக்கு மேலே போய்விட்டன.