அடிக்கு இன்ன விலை

ஆயிரத்து இருநூறு அடிக்குப் போர் ஓட்டினால்
முதல் ஐந்நூறு அடி மலிவு.
அதன்பின் நூற்றுக்கு நூறு ரேட் ஏறும்.
கணபதியில் பட்டறை வைத்திருக்கும் சென்னியப்பன்
அந்தக் கணக்கில்தான் கேட்டார்:
"மேல போறதுக்கு எப்படிங்க, அடிக்கு என்ன வருது?"

தலைகீழ் என்றேன்.
முதல் சில மைல்தான் கொள்ளை.
கொண்டுபோகும் எடையில் முக்கால்வாசி
அங்கேயே எரிந்துபோகும்.

வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது இம்பெல்லர்தானுங்களே?"
ஆமாம். உள்ளங்கை அகலம்.
நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சுற்று.
தண்ணிக்குப் பதிலாக மண்ணெண்ணெய்.
"எத்தன வருசம் ஓடோணும்?"
நூற்றைம்பது விநாடி.
அப்போதுதான் சிரித்தார்.
"நம்ம மோட்டாருக்கு ரெண்டு வருசம் கேரண்டிங்."

நான் எஞ்சினியர் இல்லை, கொள்முதல்.
கம்பெனியில் பதினேழு பேர்.
சின்னியம்பாளையத்தில், முன்பு நூல் குடோனாக இருந்த கட்டடம்;
வெயில் ஏறினால் இன்னும் பஞ்சு வாடை.
என் திரையில் ஒரு கட்டம் மட்டும் சிவப்பு:
ஒரு கிலோவை மேலே வைக்க எத்தனை ரூபாய்.
அதற்காக வாஷரை நிறுத்திருக்கிறேன்,
பெயிண்டை நிறுத்திருக்கிறேன்.
பக்கவாட்டில் எழுதும் கம்பெனிப் பெயரில்
ஓர் எழுத்தைக் குறைக்கலாமா என்று
ஒரு மணி நேரம் மீட்டிங் நடந்தது.

பதினொரு மைக்ரான் கூடுதல் என்று
மூன்றைத் திருப்பி அனுப்பினாள் சௌடேஸ்வரி.
நான்காவதை வெட்டியவன் திகம்பர், ஒடிசாக்காரன்.
ராத்திரி ஷிப்ட் முழுக்க
கூலண்ட் வழியும் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றான்.
அவன் ஊர்க் கடற்கரையில் ராக்கெட் விடும் நாளில்
வீட்டைப் பூட்டி வெளியே போகச் சொல்லி
ஆளுக்குக் கொஞ்சம் காசு தருவார்களாம்.
"அப்ப போனதுக்குக் காசு, இப்ப நின்னதுக்குக் காசு"
என்றான், கண்ணாடியை விட்டு நகராமல்.

காரணம்பேட்டைக்குத் தெற்கே
கைவிட்ட கல்குவாரியில் சோதனை.
இருபது விநாடி என்று திட்டம்.
நான்கில் சீல் போனது.
சத்தம் அடங்கியதும் மயில்கள் கத்தின.
புகைக்குள்ளிருந்து கோழிப்பண்ணைக்காரர் வந்து
"முட்டை கொறஞ்சா அது யாரு கணக்குங்க?" என்றார்.
எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை,
இறகு முறிந்த இம்பெல்லரை மஞ்சப்பையில் போட்டு
டவுன்பஸ்ஸில் கணபதி போனேன்.
என்ன ஆச்சு என்று சென்னியப்பன் கேட்கவில்லை.
தராசில் வைத்தார்.
எழுநூற்றுத் தொண்ணூறு கிராம்.
"நிக்கல் பழைய வெலைக்கு எடுத்துக்கறனுங்.
அடுத்த பில்லுல கழிச்சுக்கலாம்.
தொண்ணூறு நாள் கடன்னு போட்டிருக்கீங்கள்ல,
அத மட்டும் அறுவது ஆக்கிருங்."

டீ ஆறுவதற்குள் போனில் அந்தக் கட்டத்தைத் திறந்தேன்.
எண் கொஞ்சம் இறங்கியது.
முட்டையைச் சேர்த்தேன்,
ஏறிக்கொண்டது.
உள்ளே திகம்பர்
ஐந்தாவது துண்டைக் கட்டி
கதவை மூடிவிட்டான்.