ஆறாம் எண் வாழை

ஆட்டோக்காரர் இரண்டு முறை கேட்டார்,
கேனுக்குள் என்ன, பாலா என்று.
திரவ நைட்ரஜன்.
மூடி விளிம்பில் வெண்புகை கசிவதைப் பார்த்தவர்
அதற்கப்புறம் ஒவ்வொரு பள்ளத்தையும்
நிறைமாதக்காரியை ஏற்றிவந்தவர் போலக் கடந்தார்.
களக்காடு போய்ச் சேர மணி பதினொன்று.

சங்கிலிபூதத்தான் தோட்டத்தில் ரசகதலி ஆயிரத்து இருநூறு.
முந்நூறு வாடிவிட்டது.
அடி இலைகள் மஞ்சளாகிக் காம்பொடிந்து
தண்டைச் சுற்றிப் பாவாடையாகத் தொங்குகின்றன.
ஒன்றைச் சாய்த்துக் குறுக்கே வெட்டிக் காட்டினார்.
உள்ளே வெற்றிலை துப்பிய நிறத்தில் கோடுகள்.
'தண்ணி காலடில கெடக்கு. குடிக்க மாட்டேங்கு.'

தெரிந்ததைச் சொன்னேன்.
மண்ணிலிருக்கும் ஒரு பூஞ்சை வேர்வழி ஏறுகிறது.
அது மேலே வரக்கூடாதென்று
வாழையே தன் நீர்க்குழாய்களைப் பிசின் வைத்து அடைக்கிறது.
அடைத்த குழாயில் தண்ணீரும் ஏறாது.
பாதியைப் பூஞ்சை கொல்கிறது, மீதியைப் பயம்.
'பயந்தா செத்துருமா வாழ?'
பயம் என்பது என் சொல், அண்ணாச்சி.
பேப்பரில் எழுத விடமாட்டார்கள்.

வாடியதில் ஆறு, ஒப்பிட்டுப் பார்க்க
நன்றாயிருப்பதில் ஆறு.
கத்தரி, ஃபாயில், கேன்.
ஒரு இலைத்துண்டுக்குப் பதினைந்து நொடி.
தாமதித்தால் ஆர்.என்.ஏ. சிதையும்,
அதைவிட மோசம்,
யாரோ தன்னை வெட்டுகிறார்கள் என்று
இலை எழுதத் தொடங்கிவிடும்.
அப்புறம் நான் படிப்பது அதன் நோயையா
என் கத்தரியையா என்று தெரியாது.

விதை கிடையாது இந்த இனத்துக்கு.
கன்று பெயர்த்து நட்ட கன்று, அதன் கன்று.
ஆயிரத்து இருநூறுக்கும் ஒரே மரபணுத்தொகுதி,
எழுத்துப்பிழைகள்கூடப் பெரும்பாலும் ஒன்றே.
வேறானது அவரவர்க்கு வாய்த்த நாள்தான்.
(அவரவர் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

அபிஷேகப்பட்டியில் ராத்திரி.
கரண்டு ஒருமுறை போய் வந்தது.
கல்வத்தில் நைட்ரஜன் ஊற்றி இலையை இடித்தால்
பச்சை மாவு, காப்பித்தூள் போல உதிரும்.
மறுநாள் சாயங்காலம் பி.சி.ஆர். முடிந்து
திரையில் கோடுகள் எழுந்தபோது
நல்ல வாழைகளில் ஐந்து அமைதியாயிருந்தன.
ஆறாவது அலறியது.
காயம்பட்டால் எழும் மரபணுக்கள் எல்லாம்
எழுந்து நின்றன,
பூஞ்சைக்குரியவை தூங்கிக்கொண்டிருக்க.

மூன்று முறை ஓட்டினேன். அதே அலறல்.
'பைப்பெட்ல கை நடுங்கிருக்கும்,
அவுட்லையர்னு தூக்கிப் போடுக்கா' என்றாள் ஹெப்சிபா.

பத்து மணிக்குப் போன் போட்டேன்.
'ஆறா? கெணத்துப் பக்கம் நிக்குமே, அதா?'
கொஞ்சம் யோசித்தார்.
'அதுல ரெண்டு எல அறுத்தேம்மா.
மவளப் பாக்க நாங்குனேரிலேர்ந்து ஆளு வந்திருந்தாவ.
காலப் பலாரத்துக்கு.
நீங்க வாரதுக்கு ஒரு மணிக்கூர் முன்னாடி.'

அறுத்தது வேறு இலை. நான் எடுத்தது வேறு.
ஒரு மணி நேரத்துக்குள்
தண்டு வழியே இறங்கி ஏறி, சேதி
எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது.

முடிஞ்சுதா என்றேன்.
'எது?'
வந்த காரியம்.
'அவளுக்குப் பையனப் புடிக்கலயாம்.
இடியாப்பமும் சொதியும் நல்லாருக்குன்னு
சாப்ட்டுட்டுப் போயிட்டாவ.'
சிரித்தாரா இருமினாரா, சிக்னல் சரியில்லை.

ஆறைத் தூக்கத்தான் வேண்டும்.
வரைபடத்தில் ஐந்துதான் நிற்கும்.
காரணக் கட்டத்தில் 'முன்காயம்' என்று எழுதினேன்.
மீந்ததைக் கொட்ட மனம் வரவில்லை,
கால் சொட்டு, மைனஸ் எண்பதில் இருக்கிறது.
இலை அறுபட்டது அதற்குத் தெரியும்.
அந்த இலையில் யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்,
உள்ளறையில் யார் தலையை ஆட்டி மறுத்தாள்,
ஒன்றும் தெரியாது.

மூடியில் மார்க்கரால், ந-6.
கீழே இடமிருந்தது,
பெண் பார்த்த நாள்.